குவில்ட்டைப் புரட்டிப் பாருங்கள்: ஆமிஷ் கைவேலையை அறிந்து வாங்க

கேள்வி: மகனைப் பார்க்க ஜூனில் நியூஜெர்சி போகிறோம். பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் பக்கம் போய், பழைய முறையில் எளிமையாக வாழும் கிறிஸ்தவப் பிரிவினரான ஆமிஷ் பெண்கள் கையால் தைத்த குவில்ட் ஒன்று வாங்க ஆசை. தோழி 250 டாலருக்குப் பெரிய கட்டில் அளவில் ஒன்று வாங்கி வந்தாள். பார்த்தவர்கள் "இது சைனா சரக்கு" என்கிறார்கள். அசலை எப்படிக் கண்டுபிடிப்பது? சென்னை வீட்டில் வைத்துப் பராமரிக்க முடியுமா?

பதில்: "கையால் செய்ததா?" என்று கேட்டால் எல்லாக் கடையிலும் "ஆமாம்" என்றுதான் சொல்வார்கள். கேள்வியைப் பிரித்துக் கேட்க வேண்டும். குவில்ட் என்பது மூன்றடுக்குப் போர்வை: துண்டுகளை இணைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு, கீழே அடித்துணி. துண்டுகளை இணைப்பவர் ஒருவர், மூன்றடுக்கையும் சேர்த்துத் தைப்பவர் வேறொருவர், ஓரப் பட்டி வைப்பவர் இன்னொருவர் என்று வேலை பல வீடுகளுக்குப் போகும். துண்டுகளை மெஷினில் இணைப்பது ஆமிஷ் வீடுகளில் பழைய வழக்கம், குறையல்ல. விலையைத் தீர்மானிப்பது அடுக்குகளைச் சேர்க்கும் அந்தத் தையல்தான். பெரிய குவில்ட்டுக்கு அது நூற்றுக்கணக்கான மணி நேர வேலை. செலவான நூலை கஜக் கணக்கில் அளந்து கூலி கொடுக்கும் வழக்கமும் அங்கே உண்டு. அதனால் கேட்க வேண்டியவை இரண்டு: "அடுக்குகளைச் சேர்த்த தையல் கையால் போட்டதா?" "அதை இந்த ஊர்ப் பக்கம்தான் போட்டார்களா?"

பதில் கேட்ட பிறகு குவில்ட்டைப் புரட்டி அடித்துணியைப் பாருங்கள். கையால் போட்ட ஓட்டுத்தையலில் ஒரு தையல், ஒரு இடைவெளி என்று மாறி மாறி வரும், இருபுறமும் அப்படியே. மெஷின் தையலில் இடைவெளி இருக்காது, கோடு போல ஓடும். கையால் போட்டதுபோல இடைவெளி விட்டுத் தைக்கும் மெஷின்களும் உண்டு. அதனால் நீளமும் சாய்வும் இம்மி பிசகாமல் ஒன்றுபோல இருந்தால் சந்தேகப்படுங்கள். கண்ணாடி போன்ற நைலான் நூல் தெரிந்தாலும், பரப்பு முழுவதும் ஒரே வளைவு திரும்பத் திரும்ப வந்தாலும் மெஷின் வேலைதான்.

அடுத்து, இஞ்சு டேப்பை வைத்து மேல்புறம் தெரியும் தையல்களை மட்டும் எண்ணுங்கள். ஒரு அங்குலத்துக்கு 8 முதல் 10 இருந்தால் நல்ல கை. 4, 5 என்றால் அவசர வேலை. நீளத் தையல் மெட்டியிலும் வளையலிலும் மாட்டி அறும், ஒன்று அறுந்தால் அந்த வரிசையே தளரும். நல்ல வேலையில் நூல் முடிச்சு வெளியே தெரியாது, பஞ்சுக்குள் இழுத்து மறைத்திருப்பார்கள். நான்கு மூலைகளிலும் ஓரப் பட்டி மடிப்பு கூர்மையாக நிற்கிறதா, உள்ளே பஞ்சு விளிம்புவரை நிரம்பியிருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். தேய்ந்து கிழிவது முதலில் அந்த இடம்தான். இணைப்பு பிசகியிருப்பதைக் காட்டினால், "கடவுள் மட்டுமே குறையற்றவர் என்று வேண்டுமென்றே விடும் பிழை" என்று சில இடங்களில் சொல்வார்கள். அப்படி ஒரு மரபு இருந்ததற்கு நல்ல ஆதாரம் கிடையாது. பிசகு பிசகுதான்.

தோழி வாங்கியதைப் பார்க்காமல் ஊர் சொல்ல முடியாது. ஆனால் அந்த அளவில் உள்ளூர்க் கைத்தையல் குவில்ட் 250 டாலருக்குக் கிடைக்க வழியில்லை. கூலிக்கே அது போதாது. பொதுவாக 900, 1,000 டாலரில் தொடங்கி மேலே போகும். அவ்வளவு வேண்டாம் என்றால் தொட்டில் அளவோ சுவரில் மாட்டும் அளவோ வாங்குங்கள். அதே கைத்திறன், சில நூறு டாலருக்குள் முடியும். சீட்டில் "ஆமிஷ் ஸ்டைல்", "ஆமிஷ் கன்ட்ரி" என்றிருந்தால் ஆமிஷ் கை பட்டது என்று பொருளல்ல. இறக்குமதித் துணிப்பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஓரத் தையலில் லேபிளை வெட்டிய மிச்சம் தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். லாவோஸிலிருந்து அகதிகளாக வந்து லான்காஸ்டரில் குடியேறிய மாங் இனப் பெண்கள், 1980களிலிருந்தே இந்தக் கடைகளுக்குத் தைத்திருக்கிறார்கள். துணி மேல் துணி வைத்துத் தைக்கும் அப்ளிக் வேலையில் அவர்கள் கை மிக நுட்பமானது. ஆமிஷுக்கு நெருங்கிய கிறிஸ்தவப் பிரிவான மெனோனைட் பெண்களும் தைக்கிறார்கள். இவை போலி அல்ல. யார் தைத்தது என்று கடைக்காரர் மறைக்காமல் சொன்னால் போதும். பூப்போட்ட துணி என்பதாலும் ஒதுக்க வேண்டாம். தங்களுக்கென்று தைக்கும்போது ஒற்றை நிறத் துணியை விரும்பிய ஆமிஷ் பெண்கள், விற்பனைக்கு எல்லாத் துணியிலும் தைக்கிறார்கள்.

போவதற்கு 340ஆம் எண் சாலை வசதி. பேர்ட்-இன்-ஹேண்ட், இன்டர்கோர்ஸ் ஊர்களின் கடைகளும், கிளைச் சாலைகளில் கையால் எழுதிய பலகை மாட்டிய வீட்டுக் கடைகளும் அங்கேதான். ஞாயிறு ஆமிஷ் கடைகள் திறக்காது. ஈஸ்டருக்குப் பிறகு 39ஆம் நாள் வரும் அசென்ஷன் வியாழனும் 50ஆம் நாள் வரும் விட் மண்டேயும் கிறிஸ்தவப் பண்டிகை விடுமுறை. இவை சில ஆண்டுகளில் ஜூனில் விழும், காலண்டர் பார்த்துக் கிளம்புங்கள். வீட்டுக் கடைகள் பலவற்றில் கார்டு செல்லாது, ரொக்கம் வேண்டும். விலைக்கு மேல் 6% விற்பனை வரி உண்டு. முகம் தெரிய ஆமிஷ் மக்களைப் படம் எடுக்காதீர்கள், அது அவர்கள் நம்பிக்கைக்கு விரோதம். வசந்த காலத்தில் போகிறவர்களுக்குத் தீயணைப்பு நிலைய நிதிக்காக நடக்கும் "மட் சேல்" ஏலங்களில் நல்ல குவில்ட் கிடைக்கும்.

கிளம்பும் முன் சென்னைக் கட்டிலை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மெத்தை 60 அங்குல அகலம், இருபுறமும் 15 அங்குலம் தொங்க வேண்டும் என்றால் 90 அங்குலம் தேவை. அமெரிக்க "குயீன்" குவில்ட் தலையணையையும் மூடும் நீளத்தில் வரும், நம் கட்டிலில் கால்மாட்டில் தரையில் புரளலாம். உள்ளே என்ன பஞ்சு என்றும் கேளுங்கள். பாலியெஸ்டர் லேசானது, சீக்கிரம் காயும். பருத்தி மெல்லியது, நம் வெயிலுக்கு இதம், ஆனால் முதல் துவைப்பில் கொஞ்சம் சுருங்கும்.

துவைக்கும் முன் சிவப்பு, கருநீலத் துண்டுகளை ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். குளிர்ந்த நீர், மென்மையான சோப்பு. முறுக்கக் கூடாது. நனைந்த குவில்ட்டை ஒரு மூலையில் பிடித்துத் தூக்கினால் அதன் எடையே தையலை அறுக்கும், அடியில் போர்வை விரித்து ஏந்தி எடுத்து நிழலில் பரப்புங்கள். தையலுக்கு வரைந்த நீலக் கோடுகள் மிச்சமிருந்தால் துவைத்துப் போக்கும்வரை இஸ்திரி போடாதீர்கள், சூடு பட்டால் நிலைத்துவிடும்.

பயணத்துக்குக் காற்று உறிஞ்சும் பையில் அடைக்கலாம், வீடு சேர்ந்ததும் பிரித்துவிடுங்கள். பிளாஸ்டிக் உறையில் வைத்தால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். துவைத்த பழைய வேட்டியில் சுற்றி வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பு இடத்தை மாற்றுங்கள். தையல்காரர் பெயரோ ஊரோ எழுதிய சீட்டு இருந்தால் அதையும், சுங்கத்தில் காட்டக் கடை ரசீதையும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.