மூன்றும் ஒரே அச்சாக இருக்க வேண்டும்: கண்காட்சி பிராய்லர் பற்றி ஒரு கேள்வி

கேள்வி: வணக்கம் ஐயா. டெக்ஸஸில் ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் கேட்டியில் இருக்கிறோம். சொந்த ஊர் பல்லடம். அப்பா 5,000 பிராய்லர் விட்டு வளர்த்தவர். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் ஃபோர்-எச் (பிள்ளைகளுக்கு விவசாயம், கால்நடை வளர்ப்பு எல்லாம் பழக்கும் அமைப்பு) கிளப்பில் சேர்ந்து, கால்நடைக் கண்காட்சிக்காக 25 குஞ்சு வளர்க்கிறாள். இன்றைக்கு 18ஆம் நாள். கண்காட்சி 46ஆம் நாள். சிலது கொழுகொழுவென்று இருக்கிறது, சிலது அதில் பாதிதான். இரண்டு காலை இழுக்கிறது. ஏழெட்டுக்கு நெஞ்சில் இறகு இல்லாமல் சிவந்திருக்கிறது. கம்பு, அரிசி கலந்து போடலாமா? சீக்கிரம் வளர ஏதாவது டானிக் உண்டா? மகள் எல்லாக் குஞ்சுக்கும் பேர் வேறு வைத்துவிட்டாள்.

பதில்: பல்லடத்துக் கணக்கைக் கொஞ்ச நாளைக்கு மறந்துவிடுங்கள். அங்கே 5,000 கோழிக்கும் சேர்த்துச் சராசரி எடை என்ன, தின்ற தீவனத்துக்கு எவ்வளவு கறி ஏறியது என்பதுதான் பேச்சு. பத்துக் கோழி நோஞ்சானாக இருந்தாலும் லாட்டில் மறைந்துவிடும். இங்கே உங்கள் மகள் மேடைக்குக் கொண்டுபோகப்போவது பெரும்பாலும் மூன்றே மூன்று. அந்த மூன்றும் ஒரே அளவில், ஒரே வடிவத்தில், ஒரே பாலினமாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் ராட்சசன் மாதிரி இருந்து மற்ற இரண்டும் அதற்கு எட்டாவிட்டால், அந்த ராட்சசனால் ஒரு பிரயோசனமும் இல்லை. 25 குஞ்சு வாங்குவதே அதிலிருந்து மூன்றைக் கடைந்தெடுக்கத்தான். எடை வித்தியாசம் உங்கள் தப்பில்லை. சேவலும் பெட்டையும் கலந்து வந்திருந்தால் மூன்றாம் வாரத்தில் அது கொஞ்சம் தெரியத்தான் செய்யும்.

முதலில் நெஞ்சுச் சிவப்பு, அதுதான் அவசரம். பிராய்லர் தின்னும், உட்காரும், மறுபடி தின்னும். தரையில் பரப்பியிருக்கும் கூளம் ஈரமாக இருந்து, அதில் அப்படியே நெஞ்சை அழுத்தி உட்கார்ந்தால் தோல் சிவந்து, பிறகு கொப்புளமாகும். நடுவர் கோழியைக் கையில் வாங்கியதும் முதலில் தடவிப் பார்ப்பது நெஞ்சைத்தான். கொப்புளம் தட்டுப்பட்டால் அந்த மூன்றும் சேர்ந்து கீழே போகும். இன்றைக்கே தண்ணீர் டப்பாவுக்கு அடியிலிருந்து ஒரு கைப்பிடி கூளம் எடுத்து இறுகப் பிடித்து, விரலை விரியுங்கள். உதிர்ந்தால் சரி. கொழுக்கட்டை மாதிரி பிடித்தபடியே நின்றால் அது ஈரம், அள்ளி வெளியே கொட்டுங்கள். ஊரில் தேங்காய் மஞ்சியும் கடலைத்தோலும் போடுவோம். இங்கே பைன் மரச்சீவல் கிடைக்கும், மூன்று நான்கு இஞ்ச் கனத்துக்கு விரியுங்கள். தேவதாருச் சீவல் வேண்டாம், அதன் வாசனை குஞ்சுக்கு ஆகாது. தண்ணீர் டப்பாவின் விளிம்பும் தீவனத் தட்டின் விளிம்பும் கோழியின் முதுகு உயரத்துக்கு இருக்க வேண்டும். வாரா வாரம் அதை உயர்த்த மறந்தால் தண்ணீர் சிந்தும், தீவனமும் கூளத்தோடு கலந்து வீணாகும். கொட்டகைக்குள் நுழைந்ததும் உங்களுக்கே கண் எரிகிறதா? குனிந்து கோழி உட்காரும் உயரத்தில் முகத்தை வைத்துப் பாருங்கள். அங்கே அமோனியா இன்னும் அதிகம்.

கோழியைச் சும்மா உட்காரவும் விடக்கூடாது. உங்கள் மகளுக்கு நிஜமான வேலை இதுதான். பகலில் முடிந்தபோதெல்லாம், படுக்கப் போகும் முன் ஒருமுறை, கொட்டகைக்குள் மெதுவாக நடந்து எல்லாவற்றையும் எழுப்பிவிட்டு, தட்டில் இருக்கும் தீவனத்தைக் கையால் கிளறிவிடச் சொல்லுங்கள். கிளறும் சத்தம் கேட்டாலே எழுந்து வந்து கொத்தும். எழுந்தால் நெஞ்சுக்கு ஓய்வு, கொத்தினால் எடை. ராத்திரியில் தீவனத்தை எடுக்காதீர்கள். மங்கலாக ஒரு விளக்கு எரியட்டும்.

கம்பும் அரிசியும் வேண்டவே வேண்டாம். குஞ்சுக்கு முதலில் போடும் ஸ்டார்ட்டர் தீவனத்தில் 22 முதல் 24 சதவீதம் புரதம் இருக்கும். அதில் ஒரு பிடி அரிசி கலந்தால் புரதம்தான் நீர்க்கும். நெஞ்சில் சதை வர வேண்டிய இடத்தில் வயிற்றில் கொழுப்பு சேரும். நம் வீட்டில் விருந்தாளிக்குச் சோறு போடுகிற அன்பைக் கோழியிடம் காட்ட வேண்டாம். அந்தத் தீவனத்திலேயே கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிசைந்து கொடுத்தால் கூடுதலாகத் தின்னும் என்பது உண்மை. ஆனால் மிச்சத்தை இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும், பூசணம் பிடித்தால் எல்லாம் போச்சு.

டானிக் விஷயம். "ஊசி போட்டு வளர்த்த கோழி" என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது வெறும் பேச்சுதான். அமெரிக்காவில் கோழிக்கு ஹார்மோன் கொடுக்க அனுமதியே இல்லை. இந்த வளர்ச்சி பல தலைமுறை இனத்தேர்வில் வந்தது. ஆன்டிபயாடிக் என்றால், மனிதருக்கும் முக்கியமான மருந்துகளை 2023 ஜூன் முதல் கால்நடை மருத்துவரின் சீட்டு இல்லாமல் வாங்க முடியாது. ரத்தக்கழிச்சலுக்கு மருந்து சேர்த்த தீவனம் என்றால் பையில் ஒட்டியிருக்கும் லேபிளை மகளையே வாசிக்கச் சொல்லுங்கள். கடைசியில் இது யாரோ சாப்பிடப்போகும் கறி.

சூட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. முதல் வாரம் குஞ்சின் முதுகு மட்டத்தில் 90 முதல் 95 டிகிரி ஃபாரன்ஹீட், பிறகு வாரம் 5 டிகிரி குறைத்துக்கொண்டே வந்து 70இல் நிறுத்துவது கணக்கு. உங்கள் 18ஆம் நாளுக்கு 80, 85 போதும். இனிமேல் குளிரைவிடச் சூடுதான் எதிரி. வாயைத் திறந்து இரைக்கிற கோழி தின்னாது. ஆனால் டெக்ஸஸ் குளிர்காலம் உங்களுக்குத் தெரியும், மத்தியானம் பனியன் போட்டு நிற்கலாம், ராத்திரி வடகாற்று வந்தால் உறையும். 2021 பிப்ரவரியில் மாநிலத்தில் லட்சக்கணக்கான வீடுகள் மின்சாரம் இல்லாமல் கிடந்தன. ஒரு சின்ன ஜெனரேட்டரை யாரிடமாவது சொல்லி வையுங்கள். சூட்டு விளக்கை அதன் ஒயரில் தொங்கவிடாமல் சங்கிலியில் கட்டுங்கள், மரச்சீவலில் விழுந்தால் கொட்டகையே எரிந்துவிடும்.

இனி தேர்வு. காலை இழுக்கும் இரண்டையும் இப்போதே பிரித்துவிடுங்கள். அவை மேடைக்குத் தேறாது, மற்றவை மிதித்துக் கொல்லும். 21ஆம் நாள் காலையில் மகளும் நீங்களும் ஒரு நோட்டோடு உட்காருங்கள். கோழியைப் பிடித்து, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நெஞ்செலும்பின் இரண்டு பக்கமும் வைத்து முன்னிருந்து பின்னால் தடவிப் பாருங்கள். விரலுக்குள் அகலமாக, உருண்டு, நெஞ்செலும்பின் பின்முனை வரை சதை இறங்கியிருந்தால் நல்ல கோழி. முன்னால் புடைத்து, பின்னால் எலும்பு கத்திமுனை மாதிரி தட்டுப்பட்டால் அது பார்வைக்குப் பெரிது, அவ்வளவுதான். நெஞ்செலும்பு வளைந்திருக்கிறதா, காலில் புண் உண்டா என்றும் பாருங்கள். பார்த்ததை, இறக்கையில் மாட்டியிருக்கும் அடையாளப் பட்டையின் எண்ணுக்கு எதிரே எழுதிவையுங்கள். நாலாம் வாரம் கொண்டை, கால் கனம் பார்த்துச் சேவல் பெட்டையைப் பிரிக்கலாம். அதற்குள் 15க்கும், அடுத்த வாரம் எட்டுக்கும் குறையுங்கள். குறையக் குறைய மிச்சக் கோழிக்கு இடம் கூடும். ஒன்றுக்கு இரண்டு, மூன்று சதுர அடி இருந்தால் நல்லது. கடைசி மூன்றைக் கண்காட்சிக்கு முந்தின நாள்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரே உருவில் ஐந்தாறு கையில் இருக்கட்டும்.

பிடிக்கும்போது இரண்டு காலையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும், வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு. ஒருமுறை ஒரு பையன் கண்காட்சி அன்று காலையில் அவசரத்தில் இறக்கையைப் பிடித்து இழுத்தான். அருமையான கோழி. மேடைக்குப் போவதற்குள் தோளுக்குக் கீழே சிவந்து கன்றிவிட்டது, ஆறு வார உழைப்பு போயிற்று. மேடையில் காலைப் பிடித்துத் தலைகீழாக, நெஞ்சு நடுவரைப் பார்த்தபடி தூக்கி நிற்க வேண்டியிருக்கும். கடைசி இரண்டு வாரம் தினமும் ஐந்து நிமிஷம் பழகட்டும். பத்து வயதுக் கைக்கு ஏழெட்டு பவுண்டு கோழி லேசில்லை.

பக்கத்து வீட்டில் முட்டைக்கோழி இருந்தால் அங்கே போட்ட செருப்போடு உங்கள் கொட்டகைக்குள் வரக்கூடாது. 2022இலிருந்து இங்கே பறவைக்காய்ச்சல் விட்டு விட்டு வந்துகொண்டிருக்கிறது. காட்டு வாத்து இறங்கும் குளத்துப் பக்கமும் போய்வர வேண்டாம். குஞ்சு வாங்கிய சான்றிதழ், கண்காட்சி விதிப்புத்தகம் இரண்டையும் ஒரே கவரில் வையுங்கள். விதி ஒவ்வொரு கண்காட்சிக்கும் மாறும்.

பேர் வைத்ததைப் பற்றிச் சொன்னீர்கள். பல கண்காட்சிகளில் ஏலத்துக்குப் போன கோழி வீடு திரும்பாது, நேராக வெட்டுக்குத்தான். இது அவளுக்கு மேடையில் தெரியவரக்கூடாது, இந்த வாரமே நீங்கள் சொல்லுங்கள். உங்கள் அப்பாவை வீடியோவில் கூப்பிட்டு அவரையே சொல்லச் சொன்னால் இன்னும் நல்லது, அவர் எத்தனை லாரி ஏற்றியிருப்பார். கழித்துவிடும் கோழிகளில் நல்லதாக இருப்பவற்றை வீட்டுக்குச் சமைப்பீர்களா என்றும் அவளிடமே கேளுங்கள். 21ஆம் நாள் நோட்டை மட்டும் எனக்குப் படமெடுத்து அனுப்புங்கள்.