தங்க நிற பாண்ட் காருக்கு சில்வர் பெயின்ட் அடிக்கலாமா?

வணக்கம். லண்டனில் வேலை பார்த்த என் மாமா அறுபதுகளில் வாங்கி வந்த ஜேம்ஸ் பாண்ட் பொம்மை கார் என்னிடம் இருக்கிறது. கார்கி கம்பெனியின் ஆஸ்டன் மார்ட்டின் டிபி5, தங்க நிறம். அங்கங்கே பெயின்ட் உதிர்ந்திருக்கிறது. உள்ளே இருக்க வேண்டிய குட்டி ஆளையும் காணோம். படத்தில் வரும் கார் வெள்ளி நிறம்தானே, இது டூப்ளிகேட் என்கிறார் நண்பர். சில்வர் பெயின்ட் அடித்துச் சரிசெய்துவிடலாமா?
முரளி, கோவை

அன்புள்ள முரளி,

தயவுசெய்து பெயின்ட் அடிக்காதீர்கள். நிறத்தை வைத்து அதை டூப்ளிகேட் என்று சொல்ல முடியாது. அது தங்க நிறத்தில்தான் வந்தது.

இந்தக் கார் வரும் பாண்ட் படம் ‘கோல்ட்ஃபிங்கர்’ 1964இல் வெளியானது. கார்கியின் 261ஆம் எண் மாடல் 1965 அக்டோபரில் கடைக்கு வந்தது. வேல்ஸில் ஸ்வான்ஸீ ஊரில் இருந்த தொழிற்சாலையில், ஏற்கெனவே கையில் இருந்த டிபி4 மாடலை மாற்றியமைத்து இதைச் செய்தார்கள். வெள்ளி நிறம் அடித்தால் பெயின்டே அடிக்காத வெறும் உலோகம் மாதிரி தெரியும் என்ற தயக்கத்தில் தங்க நிறத்துக்குப் போனார்கள் என்பார்கள்.

அந்த உள்ளங்கை அளவு காருக்குள் என்னவெல்லாம் வைத்தார்கள் பாருங்கள்! சைலன்சர் குழாய்களை அழுத்தினால் பின்பக்கம் குண்டு துளைக்காத தகடு எழும்பும். முன்னால் துப்பாக்கிகள் நீளும். கூரை திறந்து, பக்கத்து சீட்டில் இருக்கும் ஆள் வெளியே பறப்பான். எல்லாம் ஸ்பிரிங் வேலை, பேட்டரி கிடையாது. பிரிட்டனில் அந்த ஆண்டின் சிறந்த பொம்மை விருது இதற்குத்தான் கிடைத்தது.

வெள்ளி நிறம் 1968இல் 270ஆம் எண்ணோடு வந்தது. அதில் நம்பர் பிளேட் சுழலும், பின்சக்கரத்திலிருந்து டயரைக் கிழிக்கும் முள் வெளியே வரும். படத்துக்கு நெருக்கமானது அதுதான். ஆனாலும் எனக்குப் பிடித்தது தங்க நிறம்தான். சினிமா கார் மாடல்களைப் படத்தோடு ஒப்பிட்டு மட்டுமே மதிப்பிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. திரையில் பார்த்ததைக் குழந்தையின் கைக்குள் அடக்க ஒரு தொழிற்சாலை எடுத்த முடிவுகள் அந்தக் காரில் தெரிகின்றன. உங்கள் மாமா கடையில் பார்த்து வாங்கிய நிறமும் அதுதானே. மேலே பெயின்ட் பூசினால் அதெல்லாம் போய்விடும், சேகரிப்பாளர்களிடம் விலையும் விழும்.

தங்க நிறத்தில் பிற்காலத்தில் மறுவெளியீடுகளும் வந்திருக்கின்றன. அதனால் காரைத் திருப்பி அடிப்பக்க எழுத்தைப் படியுங்கள். அறுபதுகளின் கார் என்றால் பிரிட்டனில் செய்தது என்று இருக்கும். அப்புறம், சோப்புத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டாம், உள்ளே ஸ்பிரிங் துருப்பிடிக்கும். காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்டினால் போதும்.

ஆள் காணாமல் போனதில் ஆச்சரியமே இல்லை, பறப்பதற்கென்றே செய்யப்பட்டவன். பெட்டியிலேயே உபரியாக ஒரு ஆளையும் கொடுத்திருந்தார்கள். மாமா வீட்டில் பழைய டப்பா, மேஜை டிராயர் எல்லாம் ஒருமுறை தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் இப்போது புதிதாக வார்த்த மாற்று ஆட்கள் விற்பனைக்கு இருக்கிறார்கள், வாங்கி உட்கார வைக்கலாம். பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள். என்றாவது காரைக் கைமாற்றினால், ஆள் மட்டும் புதிது என்று வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்.