மட்டாட்டு வரைபடம்

அன்புள்ள ஐயா,

மதுரைக்காரன் நான். ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் எங்கள் ஊரும் இருந்தது. கட்டுப்பாட்டு அறை, கேமரா, ஆப் என்று நிறையப் பேசினார்கள். எழுபதைத் தாண்டிய என் அம்மா இன்றைக்கும் எந்த பஸ் எங்கே நிற்கும் என்று டீக்கடையில் விசாரித்துத்தான் ஏறுகிறார். வரைபடமும் டிஜிட்டல் தொழில்நுட்பமும் ஒரு ஊரை நிஜமாகவே வாழ ஏற்றதாக மாற்றுமா, இல்லை எல்லாம் காட்சிக்குத்தானா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மாற்றும். நான் அதை முழுதாக நம்புகிறேன். ஆனால் உங்கள் அம்மாவின் கேள்வியிலிருந்து தொடங்கினால்தான் மாற்றும். அப்படித் தொடங்கிய ஊர் ஒன்று உண்டு, கென்யாவின் நைரோபி.

அங்கே மக்கள் போய்வருவது பெரும்பாலும் மட்டாட்டு என்ற தனியார் மினிபஸ்களில். நம் ஷேர் ஆட்டோ மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்: கால அட்டவணை கிடையாது, பல இடங்களில் நிறுத்தத்துக்குப் பெயர்ப்பலகையும் கிடையாது, தடம் தெரிய வேண்டுமென்றால் தெரிந்தவரைக் கேட்க வேண்டும். 2012 வாக்கில் நைரோபி பல்கலைக்கழக மாணவர்கள் கையில் போனோடு இந்த வண்டிகளில் ஏறி, அது போகும் வழியெல்லாம் போய், நிற்கும் இடமெல்லாம் குறித்துக்கொண்டார்கள். அமெரிக்காவின் எம்ஐடியும் கொலம்பியா பல்கலைக்கழகமும் கூட இருந்தன. 2014 ஜனவரியில் 130க்கும் மேற்பட்ட தடங்களோடு வரைபடம் வெளிவந்தது. ஒவ்வொரு முக்கியத் தடத்துக்கும் ஒரு நிறம், காகிதத்திலும் அச்சிட்டார்கள் (இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம், ஸ்மார்ட்போன் இல்லாதவரும் சுவரில் பார்த்துக்கொள்ளலாம்). மறுவருடம் கூகுள் மேப்ஸிலும் வந்தது.

வரைந்து முடித்த பிறகுதான் ஒன்று கண்ணில் பட்டது. கிட்டத்தட்ட எல்லாத் தடங்களும் நகரின் நடுப்பகுதியில் போய் முட்டுகின்றன, ஒரு புறநகரிலிருந்து பக்கத்துப் புறநகருக்குப் போகவும் நடுவூருக்குப் போய் வண்டி மாற வேண்டும். நடுவூரில் ஏன் அவ்வளவு நெரிசல் என்பதற்கு ஒரு காரணம் படமாகவே வந்து நின்றது. அதுவரை ஒவ்வொரு ஓட்டுநருக்கும் தன் தடம் மட்டும் தெரியும், மொத்தத்தையும் சேர்த்துப் பார்த்தவர் யாருமில்லை.

அதே நைரோபியில் கிபெரா என்றொரு பெரிய குடிசைப் பகுதி. லட்சக்கணக்கானோர் வாழ்ந்தும் 2009 வரை வரைபடத்தில் அந்த இடம் கிட்டத்தட்ட வெறுமையாகத்தான் இருந்தது. அந்த வருடம் அங்குள்ள இளைஞர்களே ஜிபிஎஸ் கருவியோடு சந்து சந்தாக நடந்து குடிநீர்க் குழாய், கழிப்பறை, பள்ளிக்கூடம், மருந்துக்கடை எல்லாவற்றையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் (யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இலவச இணைய வரைபடம்) ஏற்றினார்கள். வரைபடத்தில் இல்லாத தெருவுக்குக் குழாய் கேட்டு எந்த அலுவலகத்தில் போய் நிற்பது, சொல்லுங்கள்.

நம் ஊரிலும் நடந்திருக்கிறது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தின்போது நான் திருச்சியில் இருந்தேன், அக்கா வேளச்சேரியில். போன் போகவில்லை. டிவியில் ஒரே பாலத்தைத் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போது அருண் கணேஷ் உருவாக்கிய ஒரு வெள்ள வரைபடம் கிடைத்தது. சென்னையின் பேருந்துத் தடங்களைப் பல வருடம் முன்பே தொகுத்தவர் அவர். அந்தப் படத்தில் தண்ணீர் நிற்கும் தெருவை யார் வேண்டுமானாலும் தொட்டுக் குறிக்கலாம், குறித்த தெரு நிறம் மாறும். அக்கா வீட்டுத் தெருவும் நிறம் மாறியிருந்தது. பயமாக இருந்தது, ஆனாலும் பார்க்கப் போன தம்பிக்கு எந்தப் பக்கமாக நுழையலாம் என்று என்னால் சொல்ல முடிந்தது. அங்கே நேரில் நின்றவர்கள் குறித்துவைத்ததால் கிடைத்த வழி அது.

அன்று குறித்த தெருக்களைப் பழைய ஏரிகள், சதுப்பு நிலங்களின் படத்தோடு சேர்த்து வைத்துத்தான் வீட்டுமனைக்கு அனுமதி தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தி. நகர் 1920களில் மாம்பலம் ஏரி இருந்த இடத்தில் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னமும் இருக்கிறது, ஏரியைத்தான் காணோம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022ல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது, அதுவும் பழைய சதுப்பில் மிஞ்சிய சிறு பகுதிதான். தண்ணீர் எங்கே போகும் என்பது அந்தப் பகுதிப் பெரியவர்களுக்குத் தெரியும், படத்தில் ஏற்றத்தான் ஆள் வேண்டும்.

கட்டுப்பாட்டு அறையை நான் குறை சொல்ல வரவில்லை, நெரிசலும் விபத்தும் உடனே தெரிவது நல்லதுதான். ஆனால் கேமரா இருக்கும் இடத்தைத்தான் அது பார்க்கும். உங்கள் அம்மா பஸ்ஸுக்காக நிற்கும் மரத்தடி அதில் வராது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வரைபடக் கட்டுப்பாடுகளைப் பெருமளவு தளர்த்திவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு அவர் வழக்கமாகப் போகும் பஸ்ஸில் ஏறுங்கள். நிற்கும் இடமெல்லாம் போனில் குறியுங்கள், அம்மா சொல்லும் பெயரிலேயே, தமிழில். நிழல் இருக்கிறதா, உட்கார இடம் உண்டா, படி ஏற முடிகிறதா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றிவிட்டு, ஒரு தாளில் பெரிய எழுத்தில் அச்சிட்டு அந்த டீக்கடையில் ஒட்டுங்கள். அப்புறம் அம்மா அதில் என்ன திருத்தம் சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்