மாசியில் கோடியக்கரை: முன்பணம் கேட்பவரை நம்பலாமா?

கேள்வி: மார்ச் முதல் வாரம் குடும்பத்தோடு கோடியக்கரை சரணாலயத்துக்குப் பறவை பார்க்கப் போகிறோம். "சீசன் முடிஞ்சுபோச்சு, பறவையே இருக்காது" என்கிறார் நண்பர். "பத்தடி தூரத்தில் பூநாரை (ஃபிளமிங்கோ) காட்டுகிறேன், முன்பணம் அனுப்புங்கள்" என்கிறார் வண்டிக்காரர் ஒருவர். யாரை நம்புவது?

பதில்: தாராளமாகப் போங்கள். முன்பணம் மட்டும் அனுப்பாதீர்கள்.

நவம்பர் முதல் ஜனவரி வரைதான் பறவைக் கூட்டம் அதிகம். மார்ச்சில் குறையுமே தவிர, காலியாகிவிடாது. வடக்கே சைபீரியா பக்கம் கிளம்பவேண்டிய உள்ளான்கள் (சேற்றில் இரை தேடும் சிறு கரைப்பறவைகள்) அப்போது தின்று கொழுப்புச் சேர்த்துக்கொண்டிருக்கும். குளிர்காலம் முழுக்கச் சாம்பலாக இருந்த சிலவற்றின் மார்பில் செங்கல் நிறம் ஏறத் தொடங்கியிருக்கும்.

பூநாரை விஷயம் வேறு. அதற்கு நின்று மேய்கிற ஆழத்தில்தான் தண்ணீர் வேண்டும். வடகிழக்குப் பருவமழை எப்படிப் பெய்தது, காற்று தண்ணீரை எந்தப் பக்கம் தள்ளியது என்பதைப் பொறுத்துச் சதுப்பில் அதன் இடம் மாறும். ஆகவே "கட்டாயம் காட்டுவேன்" என்பவர் பொய் சொல்கிறார், இல்லாவிட்டால் துரத்திக் காட்டப் போகிறார். கிட்டே போய்க் கைதட்டிக் கிளப்புவது, படத்துக்காக வெளிமானை (இங்குள்ள புல்வெளி மான்) விரட்டுவது எல்லாம் நடக்கிறது. பயணத்துக்குச் சேர்த்த கொழுப்பு இப்படித்தான் வீணாகிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்தில் விலங்கைச் சீண்டுவதே குற்றம். வண்டிக்குள் நீங்களும்தான் உட்கார்ந்திருப்பீர்கள்.

எந்தப் பக்கம் தண்ணீர் நிற்கிறது என்று வாரம் ஒருமுறை வாசலில் எழுதிப்போட்டால் இந்தத் தரகர்களுக்கு வேலையே இராது. ஒரு பலகையும் சாக்பீஸும் போதும். நம் சரணாலயங்களில் இதற்கு எத்தனை வருடம் காத்திருப்பது?

ஒரு விதிவிலக்கு சொல்லவேண்டும். வலசை வந்த எல்லாப் பறவையும் திரும்பாது. முந்தைய ஆண்டு பிறந்த உள்ளான்களில் பல இன்னும் இனப்பெருக்க வயதுக்கு வராதவை. கோடை முழுக்க இங்கேயே தங்கும். நிறம் மாறாமல் சாம்பலாகவே இருக்கும். மே மாதம் அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு, வழிதவறியது, நோய்ப்பட்டது என்று பிடித்து வளர்க்கக் கொண்டுபோகிறார்கள். நன்றாக மேய்கிறதா, கிட்டே போனால் பறக்கிறதா? அப்படியானால் அதற்கு ஒன்றுமில்லை, விட்டுவிடுங்கள்.

வெளிமானுக்கு யாருடைய தயவும் வேண்டாம். அதிகாலையில் புல்வெளி ஓரம் சத்தமில்லாமல் நில்லுங்கள், போதும். முறுக்குக் கொம்போடு கறுப்பாக நிற்பது ஆண். பழுப்பு நிறத்தில் கொம்பில்லாதது பெண். கையில் ஒரு பைனாகுலர் இருக்கட்டும். நுழைவுச் சீட்டு வாங்கும்போது அங்கே இருக்கும் வேட்டைத் தடுப்புக் காவலரிடம் "இன்னிக்குத் தண்ணி எங்கே?" என்று கேளுங்கள். தினமும் அதைப் பார்ப்பவர் அவர்தான்.