கோபால்ட் 2-ஆ 3-ஆ? குயினோன் லிகண்ட் இருந்தா ஆக்சிடேஷன் நம்பரை எப்படி முடிவு பண்றது?

உங்க தீசிஸ்ல வர்ற ஒரு காம்ப்ளெக்ஸ்ல கோபால்ட்டோட ஆக்சிடேஷன் நம்பர் என்னன்னு கேட்டிருந்தீங்க. அதுல நடுவுல கோபால்ட், அதோட ஒட்டியிருக்கிற லிகண்ட் மூலக்கூறுகளா ஒரு பைபிரிடின், ரெண்டு டை-டெர்ஷரி-பியூட்டைல் குயினோன், மொத்த சார்ஜ் பூஜ்யம். பேப்பர்ல கணக்கு போட்டா முடிவே வராது. குயினோன் ஒரு எலக்ட்ரான் வாங்கினா செமிகுயினோன் (சார்ஜ் -1), ரெண்டு வாங்கினா கேட்டகோலேட் (சார்ஜ் -2). ரெண்டு குயினோன் லிகண்டும் கேட்டகோலேட்னா கோபால்ட் 4, ரெண்டும் செமிகுயினோன்னா 2, ஒண்ணு அது ஒண்ணு இதுன்னா 3, எல்லாமே சார்ஜுக்கு டேலி ஆகும்! அதனால சார்ஜை விட்டுட்டு முதல்ல கிரிஸ்டல் டேட்டாவ எடுங்க.

நான் முதல்ல பாக்குறது C–O பாண்ட் நீளம். கேட்டகோலேட்ல சுமார் 1.35 ஆங்ஸ்ட்ராம், செமிகுயினோன்ல 1.29, குயினோன்ல 1.22 பக்கம், ஏன்னா லிகண்டுக்குப் போற எலக்ட்ரான் C–O ஆன்டிபாண்டிங் ஆர்பிட்டல்ல போய் உக்காருது, பாண்ட் நீளுது. ஆனா 1.32ன்னு நடுவுல வந்தா உஷார், ரெண்டு லிகண்டும் கிரிஸ்டல்ல இடம் மாறி மாறி இருந்து சராசரியா காட்டலாம், நிஜமாவே எலக்ட்ரான் ரெண்டுலயும் பரவியும் இருக்கலாம். அப்போ Co–O நீளத்த பாருங்க, 1.9 கிட்டன்னா லோ ஸ்பின் (எலக்ட்ரான்லாம் முடிஞ்சவரை ஜோடியா இருக்கிற) கோபால்ட் 3, 2.05 கிட்டன்னா ஹை ஸ்பின் (ஜோடியில்லாத எலக்ட்ரான் அதிகமா இருக்கிற) கோபால்ட் 2.

இந்த காம்ப்ளெக்ஸோட அழகே என்னன்னா டெம்பரேச்சர மாத்தினா பதிலும் மாறும். 1980ல புக்கனனும் பியர்பான்ட்டும் இதத்தான் ரிப்போர்ட் பண்ணாங்க. குளிர்ல கோபால்ட் 3, ஒரு கேட்டகோலேட், ஒரு செமிகுயினோன். சூடாக்கினா கேட்டகோலேட்ல இருந்து ஒரு எலக்ட்ரான் கோபால்ட்டுக்கு வந்து அது கோபால்ட் 2 ஆகி, கூடவே ஸ்பின்னும் மாறி, eg ஆர்பிட்டல்ல (லிகண்டை நேரா பாத்திருக்கிற d ஆர்பிட்டல்) ரெண்டு எலக்ட்ரான் உக்காந்து பாண்டெல்லாம் லூசாகிடும். எனர்ஜிக்கு கோபால்ட் 3 தான் லாபம், ஆனா லூசான பாண்டு, கூடுதல் ஸ்பின் நிலைனு என்ட்ரோபி எல்லாம் கோபால்ட் 2 பக்கம், அதான் சூட்டுல அது ஜெயிக்குது. அதனால ரூம் டெம்பரேச்சர்ல எடுத்த ஒரே ஸ்ட்ரக்சர வச்சு தீசிஸ்ல அடிச்சு எழுதிடாதீங்க, லோ டெம்பரேச்சர் டேட்டாவும் ஸ்குவிட் (ரொம்ப நுணுக்கமா காந்தத்தன்மைய அளக்கிற கருவி) மேக்னெடிக் டேட்டாவும் சேத்து வச்சுக்கோங்க.

டிஎஃப்டி (எலக்ட்ரான் அமைப்ப கம்ப்யூட்டர்ல கணக்கிடுற முறை) ரன் பண்றவங்க பெரும்பாலும் கோட்டை விடுறது ஒரு இடத்துல. லிகண்ட் ரேடிக்கலும் (ஜோடியில்லாத எலக்ட்ரான் இருக்கிற லிகண்ட்) மெட்டல் ஸ்பின்னும் எதிரெதிரா ஜோடி சேந்தா மொத்த ஸ்பின் பூஜ்யமா தெரியும், உடனே குளோஸ்டு ஷெல்னு (எல்லா எலக்ட்ரானும் ஜோடின்னு) இன்புட் குடுத்துடுவாங்க. வேதியியலாளர் சிரிக்கோட இரும்பு பிரிடின்டைஇமின் டைநைட்ரஜன் காம்ப்ளெக்ஸும் (2004) இப்படி யோசிக்க வைக்கும், டயாமேக்னெடிக் (ஜோடியில்லாத எலக்ட்ரான் இல்லாத மாதிரி நடந்துக்கும்), பாத்தா இரும்பு 0 மாதிரி இருக்கும், ஆனா இரும்பு 2, மீதி ரெண்டு எலக்ட்ரான் லிகண்ட்லனும் ஒரு விளக்கம் இருக்கு. அதனால எதிரெதிர் ஸ்பின்ன தனித்தனியா இருக்க விடுற புரோக்கன் சிமெட்ரி கணக்கும் போட்டு எனர்ஜிய கம்பேர் பண்ணுங்க.

நிக்கல் டைதயோலீன் (சல்ஃபர் வழியா நிக்கலோட ஒட்டுற லிகண்ட் இருக்கிற காம்ப்ளெக்ஸ்) எடுத்தீங்கனா இன்னும் கஷ்டம். சல்ஃபர் ஆர்பிட்டலும் நிக்கல் d ஆர்பிட்டலும் எனர்ஜில அவ்ளோ பக்கத்துல இருக்கு, நிக்கல் 2 கூட ரெண்டு ரேடிக்கல்னு எழுதுறது வசதிக்குத்தான். அங்க எலக்ட்ரான் யாரோடதுன்னு வைவால கேட்டா "ரெண்டு பேருக்கும்"னு சொல்லிட்டு சல்ஃபர் K-எட்ஜ் ஸ்பெக்ட்ரம (சல்ஃபர் எக்ஸ்ரே உறிஞ்சுறத அளக்கிறது) காட்டுங்க.