ரத்தத்தில் என்னென்ன அணுக்கள் இருக்கின்றன? பிளேட்லெட்டும் ஒரு செல்தானா?

பாடப் புத்தகத்தில் சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு (பிளேட்லெட்) மூன்றையும் ஒரே வரிசையில் நிறுத்திவிடுவார்கள், குழப்பம் அங்கேதான் ஆரம்பம். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன் நான். கறாராகச் சொன்னால், மூன்றில் வெள்ளையணு மட்டும்தான் முழு செல்.

சிவப்பணுவும் எலும்பு மஜ்ஜையில் உருவாகும்போது உட்கருவோடுதான் (டிஎன்ஏ இருக்கும் மையப் பகுதி) இருக்கும். ரத்தத்துக்குள் வருவதற்கு முன்பே அதை வெளியே தள்ளிவிடும், அப்புறம் ஓரிரு நாளில் மைட்டோகாண்ட்ரியாவும் (ஆக்சிஜனை வைத்து செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் பகுதி) போய்விடும். மிஞ்சுவது இருபுறமும் குழிந்த ஒரு தட்டு, அதற்குள் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் சுமார் 27 கோடி. இதில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியா இல்லாததால், சுமந்து போகிற ஆக்சிஜனில் தான் கை வைக்காது. குளுக்கோஸை ஆக்சிஜன் இல்லாமலே உடைத்துப் பிழைத்துக்கொள்ளும். உட்கரு இல்லாததால், 7-8 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகலம் இருந்தும் அதைவிடக் குறுகலான தந்துகிக்குள் (மிக மெல்லிய ரத்தக்குழாய்) மடங்கி நுழைந்துவிடும். ஆனால் புதிதாகப் புரதம் செய்து தன்னைப் பழுது பார்த்துக்கொள்ள வழியில்லை, அதனால் 120 நாள் வாக்கில் தேய்ந்துபோய் மண்ணீரலிலும் கல்லீரலிலும் முடிந்துவிடும். ஈடுகட்ட மஜ்ஜை நொடிக்கு 20 லட்சத்துக்கும் மேல் புதிதாகச் செய்துகொண்டே இருக்கிறது. (பறவைகளின் சிவப்பணுவில் உட்கரு அப்படியே இருக்கும், அவையும் பறந்துகொண்டுதான் இருக்கின்றன!)

சரி, சிவப்பணுவில் உட்கருவே இல்லையென்றால் ரத்தத் துளியை வைத்து டிஎன்ஏ பரிசோதனை எப்படிச் செய்கிறார்கள்? அந்த டிஎன்ஏ முக்கியமாக வெள்ளையணுக்களிலிருந்து வருகிறது. ஒரு மைக்ரோலிட்டரில் சிவப்பணு 40-55 லட்சம் இருக்க, வெள்ளையணு வெறும் 4,000 முதல் 11,000 வரைதான், ஆனாலும் அதுவே போதும். இதில் நியூட்ரோபில், லிம்போசைட், மோனோசைட், ஈசினோபில், பேசோபில் என்று ஐந்து வகை. பெரியவர்களிடம் பாதிக்கு மேல் நியூட்ரோபில்தான், பேசோபில் 1 சதவீதம்கூடத் தேறாது.

இப்போது பிளேட்லெட். மஜ்ஜையில் மெகாகாரியோசைட் என்று ஒரு ராட்சத செல் உண்டு, அது தன் உடம்பையே ஆயிரக்கணக்கான துண்டுகளாக உதிர்த்துவிடும், அந்தத் துண்டுதான் பிளேட்லெட். ஆக, அது ஒரு செல்லின் துணுக்கு. அளவு 2-3 மைக்ரான், ஆயுள் 7-10 நாள், மைக்ரோலிட்டருக்கு 1.5 முதல் 4.5 லட்சம் வரை இருக்கும். துணுக்கு என்று அலட்சியமாக நினைக்க வேண்டாம், ரத்தக் கசிவை அடைக்க முதலில் ஓடி வந்து ஒட்டிக்கொள்வது இதுதான்.

ரிப்போர்ட் பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம். சிலருடைய பிளேட்லெட்டுகள் ஊதா மூடி ட்யூபில் ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்த்திருக்கும் எடிடிஏ என்ற ரசாயனம் பட்டவுடன் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும், மெஷின் அவற்றைச் சரியாக எண்ணாமல் குறைத்துக் காட்டிவிடும். ரத்தக்கசிவு, காய்ச்சல் எதுவும் இல்லாமல் எண்ணிக்கை மட்டும் படுமோசமாக வந்தால், ரத்தத்தை ஸ்லைடில் தடவி மைக்ரோஸ்கோப்பில் ஒருமுறை பார்க்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.