சபாவுக்கு எந்த ரயில்? வீணைக்கு எந்த மூலை?
(வாசகர் கேள்வி-பதில்)

கேள்வி: கோவையிலிருந்து மாற்றலாகி சோழிங்கநல்லூர் வந்திருக்கிறோம். மார்கழி சீசனில் கச்சேரி கேட்க ஆசை. ஆபீஸ் முடிந்து கிளம்பினால் பாதி கச்சேரி போய்விடுமோ?
வாசகர், சோழிங்கநல்லூர்

பதில்: காரில் கிளம்பினால் போய்விடும். 2011-ல் மாநகராட்சி எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. ஊர் பழைய மகாபலிபுரம் சாலை நெடுகத் தெற்கே ஓடிக்கொண்டே இருக்கிறது. பெரிய சபாக்களோ மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, தியாகராய நகர் என்ற சின்ன வட்டத்தை விட்டு நகரவில்லை. திருவான்மியூர் வரை பஸ்ஸில் வந்து பறக்கும் ரயில் ஏறுங்கள். ஆறாவது நிறுத்தம் திருமயிலை. அங்கிருந்து ரசிக ரஞ்சனி சபாவுக்கும் கிழக்கு மாட வீதி பாரதிய வித்யா பவனுக்கும் நடந்தே போகலாம். டி.டி.கே. சாலையில் உள்ள நாரத கான சபாவுக்கும் மியூசிக் அகாடமிக்கும் ஆட்டோ போதும். கிருஷ்ண கான சபாவுக்கு மாம்பலம் ரயில் நிலையம் வசதி.

மாலைக் கச்சேரி சுமார் இரண்டரை மணி நேரம். வர்ணம், இரண்டு மூன்று சின்ன கீர்த்தனைகள், பிறகுதான் பிரதான ராகம். அரை மணி தாமதமானாலும் கச்சேரியின் உயிர்நாடி உங்களுக்குக் கிடைக்கும். ஒரு பாட்டு முடிந்து கைதட்டும்போது உள்ளே போங்கள், ராகத்தை விரித்துப் பாடும் ஆலாபனையின் நடுவில் வேண்டாம். வார நாளில் முடியவே முடியாதென்றால் சனி, ஞாயிறு மதியக் கச்சேரிகளுக்கு வாருங்கள். பெரும்பாலும் அனுமதி இலவசம், பாடுவது இளம் கலைஞர்கள், கூட்டமும் குறைவு. நாளைய பெரிய வித்வானை மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கேட்க இதைவிட நல்ல வழி கிடையாது.

கேள்வி: பக்கத்தில் இருப்பவர்கள் தொடையில் தாளம் போடுகிறார்கள். எனக்குப் புரியவில்லை.
வாசகி, அம்பத்தூர்

பதில்: ஆதி தாளத்தை மட்டும் முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். மொத்தம் எட்டு எண்ணிக்கை. ஒரு தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல் என்று மூன்று எண்ணல், தட்டி ஒரு வீச்சு, மறுபடி தட்டி ஒரு வீச்சு. பாட்டு எப்போதும் தட்டிலேயே தொடங்காது. சற்றுத் தள்ளித் தொடங்கும் இடங்களில்தான் புதியவர்களுக்குக் கை தடுமாறும். அப்போது பாடகரின் கையைப் பார்த்துச் சேர்ந்துகொள்ளுங்கள். தாள வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தின்போது தயவுசெய்து எழுந்து போகாதீர்கள். மிருதங்கக்காரர் மாலை முழுக்கக் காத்திருந்து பெறும் நேரம் அது ஒன்றுதான்.

கேள்வி: சென்னை இசை என்றாலே மயிலாப்பூர்தானா? வடசென்னைக்குப் பங்கே இல்லையா?
வாசகர், பெரம்பூர்

பதில்: வடக்கில்தான் கதையே தொடங்குகிறது. தியாகராஜர் திருவொற்றியூருக்கு வந்து, அங்குள்ள அம்மன் திரிபுரசுந்தரி (வடிவுடையம்மன்) மேல் ஐந்து கிருதிகள் பாடினார். கல்யாணியில் ஒன்று, பேகடாவில் ஒன்று, ஆரபியில் ஒன்று, சாவேரியிலும் சுத்த சாவேரியிலும் ஒவ்வொன்று. முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பத்தை மணலி முதலியார்கள் ஆதரித்தார்கள். வீணை தனம்மாள் (1867-1938) வாழ்ந்தது ஜார்ஜ் டவுனில். வக்கீல்களும் அதிகாரிகளும் மயிலாப்பூர்ப் பக்கம் குடியேறியபோது இசையும் அவர்கள் பின்னால் போயிற்று. பார்த்தசாரதி சுவாமி சபா 1900-ல் திருவல்லிக்கேணியில் பிறந்தது. 1927 காங்கிரஸ் மாநாட்டோடு நடந்த இசை மாநாட்டின் விளைவாக 1928-ல் மியூசிக் அகாடமி வந்தது. தமிழ்ப் பாடல்களுக்கு மேடை கேட்டு 1943-ல் எழுந்த தமிழ் இசைச் சங்கத்தின் ராஜா அண்ணாமலை மன்றம் பாரிமுனையில் இருக்கிறது, உங்களுக்குப் பக்கம். கானாவையும் சேர்த்துச் சொல்லாமல் வடசென்னை இசையைப் பற்றிப் பேசுவது நியாயமே இல்லை. 2017-ல் யுனெஸ்கோ சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரமாகச் சேர்த்தது. அந்தப் பெருமையில் உங்கள் பேட்டைக்கும் பங்கு உண்டு. திருவொற்றியூர் தேரடி மெட்ரோவில் இறங்கி வடிவுடையம்மனைப் பார்த்துவிட்டு வாருங்கள். அந்த ஐந்தும் அவள் மேல் பாடியவைதான்.

கேள்வி: கடற்கரைக்கு அருகே வீடு. கோடைக்குப் பிறகு மகளின் வீணையில் ஸ்வரம் பிசகுகிறது. மழைக்காலத்தில் மகனின் மிருதங்கம் சுருதி இறங்குகிறது. வாத்தியத்தில் குறையா?
வாசகி, பெசன்ட் நகர்

பதில்: குறை வாத்தியத்தில் இல்லை, நம் ஊர்க் காற்றில் இருக்கிறது. வீணையில் விரல் வைத்து அழுத்தும் 24 பித்தளைக் கட்டைகளான மெட்டுகளும் மெழுகில் உட்கார்ந்திருக்கின்றன. மே மாதச் சூட்டில் மெழுகு இளகும், விரல் அழுத்தத்தில் மெட்டு சாயும். சாரணித் தந்தியை (பிரதானத் தந்தி) மீட்டிவிட்டு 12-ஆவது மெட்டில் வாசிக்கச் சொல்லுங்கள். மேல் ஸட்ஜம் (மேல் ஸ) சரியாகப் பேசி நடுவில் சில ஸ்வரங்கள் மட்டும் பிசகினால் அந்த மெட்டுகள் நகர்ந்திருக்கின்றன. 12-ஆவதே தப்பினால் தந்திகளைத் தாங்கும் குதிரை நகர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல மெட்டுகள் தள்ளாடினால் வீணை செய்பவரிடம் கொடுத்து மேளம் கட்ட, அதாவது மெட்டுகளைப் புதிதாக மெழுகில் பொருத்த வேண்டியதுதான். வீட்டில் மெழுகைச் சுடவைத்து அழுத்த வேண்டாம், மெட்டு கோணலாகவே இறுகிவிடும். ஜன்னல் வெயில் படாத உள்சுவர் மூலையில் வையுங்கள். உப்புக் காற்றில் எஃகுத் தந்தி துருப்பிடிக்கும், வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைக்க வேண்டும்.

மிருதங்கத் தோல் மழை ஈரத்தைக் குடித்துத் தளர்கிறது. வலப்பக்க முகமான வலந்தலையின் மூட்டை (விளிம்பின் தோல் பின்னலை) மேலிருந்து கீழாகத் தட்டினால் சுருதி ஏறும், கீழிருந்து மேலாகத் தட்டினால் இறங்கும். ஒரே இடத்தில் அடிக்காமல் எதிரெதிர்ப் புள்ளிகளாகச் சுற்றி வர வேண்டும். நடுவில் உள்ள கறுப்புப் பூச்சான கரணை மேல் அடி படக்கூடாது. இடப்பக்க முகமான தொப்பிக்குச் சின்ன எலுமிச்சை அளவு ரவை மாவு போதும். மாவு கூடினால் நாதம் இறங்கும். வாசித்ததும் மாவை முழுக்க எடுத்துவிடுங்கள், காய்ந்து ஒட்டினால் தோலும் சேர்ந்து கிழியும். அடுப்பருகே காயவைப்பதும் தோலுக்கு ஆபத்து. ஏ.சி. அரங்கில் ஈரம் குறைந்து சுருதி ஏறும், ஆகவே கச்சேரிக்கு அரை மணி முன்பே வாத்தியத்தை மேடைக்குக் கொண்டுபோய் உறையைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள்.